ஏட்டில் ஏறாத கைத்திறன்: காப்புரிமைக் கணக்கும் மதுரையும்

ஒரு சமுதாயத்தின் அறிவாற்றலை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினாவுக்கு இக்காலத்தில் எளிய விடை ஒன்று வழங்கி வருகிறது. அச்சமுதாயத்தார் எத்தனை காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்துள்ளனர், எத்தனை பெற்றுள்ளனர் என்று எண்ணிப் பார்த்தால் போதும் என்பதே அவ்விடை. எண்ணுவதற்கு எளிது, நாடுகளை வரிசைப்படுத்துவதற்கும் எளிது. பொருளியல் அறிஞர் முதல் நாளிதழ் ஆசிரியர் வரை இந்த அளவுகோலைக் கையில் எடுத்திருப்பதில் வியப்பில்லை.

முஸ்லிம் உலகுக்கு இவ்வளவுகோல் தந்த அதிர்ச்சி பெரிது. 2003ஆம் ஆண்டின் அரபு மனித மேம்பாட்டு அறிக்கை ஓர் அட்டவணையை வெளியிட்டது. 1980 முதல் 2000 வரையிலான இருபது ஆண்டுகளில் அமெரிக்காவில் பதிவான காப்புரிமைகளில் தென்கொரியாவின் பங்கு 16,328. எகிப்து, சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட ஒன்பது அரபு நாடுகள் அனைத்தும் சேர்ந்து பெற்றவை 370. அன்று தொட்டு இவ்விரு எண்களும் நம் மேடைகளில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பக்தாதின் பொற்காலத்தை நினைவூட்டிப் பேச்சைத் தொடங்கும் சொற்பொழிவாளர், இந்த 370-ஐச் சொல்லித்தான் தலைகுனிந்து முடிக்கிறார்.

அவருடைய கவலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆய்வுக்கூடங்களின் வறுமையும் பல்கலைக்கழகங்களின் தேக்கமும் உண்மை. ஆயினும் ஒருவரை எடை போடுவதற்கு முன் தராசைச் சோதிப்பது வணிகர் மரபு. அச்சோதனைக்கு அரபு நாடுகள் வரை செல்ல வேண்டியதில்லை. நாம் அறிந்த மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியுமே போதும். இவ்வூர் கடந்த முந்நூறு ஆண்டுகளில் எதைச் செய்தது, அதில் எவ்வளவு காப்புரிமை ஏட்டில் ஏறியது என்பதைப் பார்ப்போம்.

மதுரையின் பழந்தொழில்களுள் நெசவுக்கு அடுத்து நிற்பது சாயத்தொழில். நாயக்கர் ஆட்சியில் இங்கு வேரூன்றிய சௌராஷ்டிரச் சமூகத்தார் நெய்யவும் சாயமேற்றவும் வல்லவராயிருந்தனர். துணியில் சின்னஞ்சிறு முடிச்சுகளை இட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சு அவிழ்ந்த இடத்தில் புள்ளி பூக்கச் செய்யும் சுங்குடி அவர்களுடைய கைவண்ணம். அந்நாளில் சிவப்பு நிறத்துக்கு மூலப்பொருள் சாயவேர். இம்பூறல் என்பதும் அதன் பெயரே. மணற்பாங்கான நிலத்தில் வளரும் சிறு செடி. அதன் மெல்லிய வேரைத் தோண்டி எடுத்துச் சேர்ப்பதே பெரும்பாடு.

வேரை வேகவைத்து நூலை அதில் போட்டால் சிவப்பு ஏறிவிடாது. பருத்தி சாயத்தை எளிதில் ஏற்கும் இழையன்று. நூலை எண்ணெயிலும் சாம்பல் காரநீரிலும் மாறி மாறி ஊறவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். இதைப் பல நாட்கள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பின் படிகாரம் ஏற்ற வேண்டும். படிகாரமே இழையையும் நிறத்தையும் பிணைக்கும் பற்று. எந்த ஊர்த் தண்ணீரில் நிறம் மங்கும், எதில் துலங்கும் என்பது சாயக்காரருக்குக் கையறிவு; வைகைத் தண்ணீரின் பெருமையை மதுரைச் சாயக்காரர் தலைமுறைகளாகச் சொல்லி வந்தனர். இந்த நெடிய செய்முறையை ஒருவர் ஒரு நாளில் கண்டறிந்திருக்க இயலாது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் சோதித்து, தவறி, திருத்தியிருக்கிறார். இன்றைய சொல்லில் அதற்குப் பெயர் ஆராய்ச்சியும் மேம்பாடும். இச்சிவப்பு ஏறிய துணிகள் சோழமண்டலத் துறைகளிலிருந்து மலாய்த் தீவுகள் வரை சென்றன. அவற்றைச் சுமந்தவற்றுள் நம் மரைக்காயர் கப்பல்களும் உண்டு.

ஐரோப்பியர் இதன் அருமையை நம்மினும் முன்னதாக உணர்ந்து எழுதிவைத்தனர். தென்னகத்தில் பணியாற்றிய பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் கெர்தூ, 1742இல் பாரிசுக்கு எழுதிய நீண்ட மடலில் இந்நாட்டார் துணிக்கு வண்ணமேற்றும் முறையைப் படிப்படியாக விவரித்தார். கடுக்காயையும் எருமைப்பாலையும் கலந்து துணியை ஊறவைப்பது, படிகாரம் இடுவது, சாயவேரில் கொதிக்கவைப்பது ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. அத்தொழிலில் இருந்து கிறித்தவம் தழுவியவர்களிடம் கேட்டறிந்தே அவர் எழுதினார். மடல் அச்சேறி ஐரோப்பியத் தொழிற்கூடங்களை எட்டியது. செய்முறையைச் சொன்னவர்களின் பெயர்கள் மடலோடு போகவில்லை.

அடுத்த நூற்றாண்டில் வேதியியலார் களத்தில் இறங்கினர். சாயவேரிலும் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் நிறம் தரும் பொருள்களுள் தலையாயது அலிசரின். அதை வேர் இல்லாமலே செயற்கையாக ஆக்கும் வழியைச் செருமானியர்களான கிரேபேயும் லீபர்மனும் 1868இல் கண்டனர். மறு ஆண்டு சூன் 25ஆம் நாள் அவர்கள் காரோ என்பாருடன் சேர்ந்து இலண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். மறுநாளே ஆங்கிலேயரான பெர்க்கின் தம் விண்ணப்பத்தை நீட்டினார். ஒரு நாள் முந்தியதும் பிந்தியதும் தொழில் வரலாற்றில் இன்றளவும் பேசப்படுகிறது. சில ஆண்டுகளிலேயே பிரான்சின் மஞ்சிட்டி வயல்கள் பாழாயின. இங்கே சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பும் அவ்வாறே போயிற்று. மதுரைச் சாயக்காரர் கப்பலில் வந்த செருமானிய அலிசரினுக்கு மாறினர். மாறியதும் எளிய செயலன்று. பழைய எண்ணெய்ப் பக்குவத்தையும் படிகாரத்தையும் புதிய சரக்குக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்தது.

அந்த வேதியியலார் நம்முடையதைத் திருடினர் என்பது நம் வாதமன்று. அவர்கள் செய்தது பெருஞ்சாதனை. நாம் சுட்டுவது கணக்கை மட்டுமே. 1869ஆம் ஆண்டின் ஏட்டில் சிவப்பு நிறத்தின்கீழ் அவர்களுடைய வரவு உண்டு. பருத்தியில் அந்நிறத்தை நிலைநிறுத்தக் கற்றவர்களுக்கு அவ்வேட்டில் ஒரு வரியும் இல்லை.

இந்தியாவில் அத்தகைய ஏடு திறக்கப்பட்டதே 1856இல்தான். அவ்வாண்டின் ஆறாம் சட்டம் கண்டுபிடிப்பாளருக்குப் பதினான்கு ஆண்டுத் தனிச்சலுகை அளித்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபெனிங் என்பார் மார்ச் 3ஆம் நாள் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார். அவர் கண்டது பங்கா இழுக்கும் பொறி. துரைமார் அறையில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கூலியாளின் வேலையைச் செய்வது. ஏட்டை மட்டும் நம்புவோமாயின் இந்தியத் துணைக்கண்டத்தின் புத்தாக்க வரலாறு ஒரு விசிறியில் தொடங்குகிறது. (அச்சட்டமும் பேரரசியாரின் முன்னிசைவு பெறாமல் இயற்றப்பட்டது என்ற காரணத்தால் மறு ஆண்டே நீக்கப்பட்டு, 1859இல் மறுபடி பிறந்தது.)

1911ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. அதை ஆராயும் பொறுப்பை அரசு நீதிபதி இராசகோபால அய்யங்காரிடம் ஒப்படைத்தது. 1959இல் அவர் அளித்த அறிக்கை இப்பொருளில் நம் நாட்டில் எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது என்பது நம் மதிப்பீடு. அவர் எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. அதன் பின்னே சென்று பார்த்தார். இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு அயல்நாட்டார் கையில் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்நாட்டில் தொழிலாகவே நடைபெறவில்லை. பொருளை இங்கே ஆக்குவதற்காகப் பெறப்பட்ட உரிமைகளல்ல அவை. பிறர் ஆக்காமல் தடுக்கவும் சந்தையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவுமே பெறப்பட்டவை. ஏடு தடித்துக்கொண்டிருந்தது, தொழில் வளரவில்லை.

அவ்வறிக்கையின் அடிப்படையில் எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, ஆக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அது. அளவுகோற்காரர் பார்வையில் அது பின்னடைவு. ஆனால் இந்திய மருந்துத் தொழில் தலையெடுத்தது அக்காலத்திலேதான். க்வாஜா அப்துல் ஹமீது 1935இல் நிறுவிய சிப்லா, அவர் மைந்தர் யூசுஃப் ஹமீது காலத்தில் 2001இல் எய்ட்ஸ் நோய்க்கான மும்மருந்துக் கலவையை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. அதே மருந்துகளுக்கு அன்று மேலைநாட்டு நிறுவனங்களின் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். ஆப்பிரிக்காவில் அதனால் பிழைத்த உயிர்கள் எந்தக் காப்புரிமைப் பட்டியலிலும் இந்தியாவின் இடத்தை ஒரு படிகூட உயர்த்தவில்லை. பொருட்காப்புரிமை 2005இல் உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையால் திரும்பி வந்தது, அது தனிக்கதை.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது இச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு. எவையெவை கண்டுபிடிப்பாகக் கருதப்படா என்று அது பட்டியலிடுகிறது. வேளாண்மை, தோட்டக்கலை முறைகள் அப்பட்டியலில் உள்ளன. மருத்துவ, அறுவைச் சிகிச்சை முறைகள் உள்ளன. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மரபறிவும் சேர்ந்தது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து மதுரையைப் பாருங்கள். சமவெளியில் கண்மாய்ப் பாசனமும் மல்லிகைச் சாகுபடியும். நகரில் உலகறிந்த கண் மருத்துவம். தெருக்களில் சுங்குடியும் பிற கைத்தொழில்களும். இவ்வூர் எவற்றில் கைதேர்ந்ததோ, அவற்றின் முறைகளுக்குச் சட்டமே ஏட்டை மூடி வைத்திருக்கிறது. மூடியது தவறு என்றும் நாம் சொல்லவில்லை. உழவரின் நாற்றங்காலுக்கும் மருத்துவரின் கத்திக்கும் உரிமைக்கட்டணம் விதிக்கும் உலகை எவர் விரும்புவர்? ஆனால் நல்ல காரணத்துக்காக மூடிய ஏட்டைத் திறந்து காட்டி, உள்ளே ஒன்றுமில்லையே என்று கேட்பது முறையாகாது.

கண் மருத்துவத்தைச் சற்று விரித்துரைப்பது தகும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வையிழந்த ஏழைகளின் தொகை பெரிது. அறுவை மருத்துவர்களின் தொகை சிறிது. ஆகவே மருத்துவரின் நேரமே அருமையானது என்று கொண்டு, பணியை அதற்கேற்பப் பிரித்தார். ஒரு மருத்துவர்முன் இரு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தம். கத்தி பிடிப்பது தவிர்ந்த பணிகளுள் பெரும்பகுதியைச் சிற்றூர்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் மேற்கொண்டனர். கட்டணம் செலுத்துவோர் தந்ததைக் கொண்டு செலுத்த இயலாதோருக்கு இலவசச் சிகிச்சை நடந்தது. உலகெங்கிலுமிருந்து மேலாண்மை மாணவர்கள் வந்து இம்முறையைப் பயின்றனர். காப்புரிமைக் கண்ணுக்கு இதில் காண ஏதுமில்லை.

புரையை அகற்றிய கண்ணுக்குள் வில்லை பொருத்தும் முறையை இலண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி 1949இல் தொடங்கிவைத்தார். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அது நம் ஏழைகளுக்கு எட்டவில்லை. இறக்குமதி வில்லை ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. அரவிந்த் அமைப்பினர் அமெரிக்கரான டேவிட் கிரீன் துணையுடன் 1992இல் ஆரோலேப் என்னும் ஆலையை நிறுவி, தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கி, மதுரையிலேயே வில்லைகளை ஆக்கினர். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதனினும் குறைந்தது. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. வில்லை புதியதன்று, விலையே புதியது. அந்த விலையை எட்டுவதற்குச் செய்த நூறு சிறு திருத்தங்களைக் காப்புரிமைத் தேர்வாளர் 'வெளிப்படையானவை' என்று ஒதுக்கிவிடக்கூடும். பார்வை திரும்பிய கிழவிக்கு அந்த வேறுபாடு விளங்காது.

கண்புரையைப் பற்றிப் பேசும்போது நம் மரபில் ஒருவரை நினையாதிருக்க இயலாது. மோசூலில் பிறந்து எகிப்தில் ஃபாத்திமியக் கலீஃபா அல்-ஹாகிம் காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குமுன், மருத்துவம் செய்தவர் அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீ. துளையுள்ள உலோக ஊசியைக் கண்ணில் செலுத்திப் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தாமே வகுத்ததாகத் தம் நூலில் எழுதினார். நோயாளிகளின் வரலாறுகளையும் உடன் வைத்தார். அவர் எந்த ஏகபோகமும் கேட்கவில்லை. கேட்பதற்கு அன்று அலுவலகமும் இல்லை. வெனிசு நகரம் கண்டுபிடிப்பாளருக்குச் சட்டம் இயற்றியது 1474இல்தான். ஆயினும் அம்மார் எழுதினார். ஆகவே 1905இல் செருமானிய மருத்துவர் ஹிர்ஷ்பெர்க் அந்நூலை மொழிபெயர்க்க முடிந்தது. நாமும் அவர் பெயரை அறிகிறோம்.

காப்புரிமை என்பது இரண்டு செயல்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை. கண்டதை வெளிப்படையாக எழுதிப் பதிவுசெய்வது ஒன்று. குறித்த காலம்வரை பிறரை விலக்கிவைப்பது மற்றொன்று. அம்மார் முதலாவதை மட்டும் செய்தார். மதுரைச் சாயக்காரர் இரண்டையும் செய்யவில்லை. ஏட்டைக் குறைகூறும் நாம் இங்கே நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழில் இரகசியம் என்று தந்தை மைந்தனுக்கு மட்டும் சொன்னது, மைந்தன் வேறு பிழைப்புக்குப் போனதும் மறைந்தது. பதிவு என்னும் பாதி நமக்கு வேண்டியதே. விலக்கும் உரிமையைப் பொறுத்தவரையிலும் மார்க்க அறிஞர்கள் அதை மறுக்கவில்லை. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு கழகம், கண்டுபிடிப்புக்கும் நூலாக்கத்துக்கும் உள்ள உரிமை மதிப்புடைய சொத்தே என்று தீர்மானித்தது. உரிமையை ஒப்புவது வேறு, உரிமைச் சீட்டுகளை எண்ணி அறிவை அளப்பது வேறு.

காப்புரிமை பெற்ற மதுரைக் கண்டுபிடிப்பையும் பார்ப்போம். தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலையில் பயன்படுத்தும் முறையை வகுத்தார். ஏறத்தாழ 170 பாகை வெப்பத்தில் உள்ள ஜல்லியின்மீது துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி மெல்லிய பூச்சாகப் படியும். அதன்மேல் தார் கெட்டியாகப் பற்றும், மழைநீர் உட்புகாது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தனர். 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதை விற்றுப் பொருளீட்டாமல் நாட்டின் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றி விட்டனர். 2015இல் பெருநகரங்களை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துமாறு நடுவண் அரசு பணித்தது. 2018இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கணக்கேட்டில் இதன் மதிப்பு ஒன்று. எவரும் திரும்பிப் பாராத ஒரு விண்ணப்பத்தின் மதிப்பும் அதே ஒன்றுதான்.

அத்தகைய விண்ணப்பங்கள் இப்போது பெருகி வருகின்றன. 2022-23 நிதியாண்டில் 7,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுடன் தமிழ்நாடு மாநிலங்களுள் முதலிடம் பெற்றது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு 2021இல் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டதையும், கல்லூரிகளின் தேசியத் தரவரிசையில் காப்புரிமைகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். அளவுகோலுக்கே பரிசு அறிவித்தால் அளவுகோலுக்காகவே உழைப்பார்கள். வழங்கப்படும் காப்புரிமைகளின் கதை இன்னும் வேடிக்கையானது. நாடு முழுவதும் 2022-23இல் வழங்கப்பட்டவை 34,134. அடுத்த ஆண்டில் 1,03,057. அதே இடைவெளியில் விண்ணப்பங்கள் 82,811இலிருந்து 92,168 ஆக மட்டுமே உயர்ந்தன. பன்னிரண்டு திங்களில் இந்தியரின் மதிநுட்பம் மும்மடங்காகிவிடவில்லை. தேங்கிக் கிடந்த கோப்புகள் நகர்ந்தன.

அலுவலகத்தின் சுறுசுறுப்பையும் கல்லூரியின் ஆசையையும் சேர்த்து அளக்கும் கோலைவிட, அய்யங்கார் கேட்ட கேள்வியே நம்பகமானது: பெற்ற உரிமை இந்நாட்டில் தொழிலாக நடக்கிறதா? உரிமை பெற்றவர் இதற்கு விடையளிக்க வேண்டும் என்றே சட்டம் 27ஆம் படிவத்தை வைத்திருக்கிறது. தரவரிசை வகுப்போர் அப்படிவங்களைப் புரட்டுவதாகத் தெரியவில்லை. தென்கொரியாவின் 16,328-ஐயும் அரபு நாடுகளின் 370-ஐயும் ஒப்பிடுவோர், கொரிய ஆலைகள் அமெரிக்கச் சந்தைக்குப் பண்டம் விற்றன, அதனால் அங்கே வேலி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்று. அரபு நாடுகளின் குறை அதனால் மறைந்துவிடாது. எங்கே குறை என்பது தெளிவாகும்.

பதிவின் தேவையை நம் நாடு கற்றது மஞ்சள் வழக்கில். புண்ணுக்கு மஞ்சள் இடும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் அனைவரும் அறிந்ததே என்று சொல்வது போதவில்லை. அயல்நாட்டு வழக்காறு எழுத்தில் இருந்தாலன்றி அன்றைய அமெரிக்கச் சட்டம் அதைச் சான்றாக ஏற்காது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் முன்வைத்த பின்னரே 1997இல் அது நீக்கப்பட்டது. அதன் விளைவாக 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. சமற்கிருத ஆயுர்வேத நூல்களோடு, அரபு, பாரசீகம், உருது மொழிகளில் உள்ள யுனானி நூல்களும் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறின. ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அவற்றைக் காப்புரிமைத் தேர்வாளர்கள் படிக்கலாம். ஹகீம்கள் எழுதிவைத்த குறிப்புகள் இவ்வாறு மியூனிக் அலுவலகத்தில் சான்றாகின்றன.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013இல். குறியீடு பெயரைக் காக்கிறது. முடிச்சிட்டுச் செய்யும் சுங்குடியின் இடத்தை அச்சிட்ட புள்ளிகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. மின்னூலகத்தின் எல்லை மருத்துவமும் யோகமும். சாயத்தொழில் அதற்கு வெளியே நிற்கிறது. சாயவேர்ச் சிவப்பின் பக்குவத்தை இன்று ஒருவர் படிப்படியாக அறிய விரும்பினால், அவர் தொடங்க வேண்டிய இடங்களுள் ஒன்று 1742இல் பாரிசுக்குச் சென்ற அந்த மடல்.